விதிப் புத்தகமும் விமானியின் காலும்

1933-ம் வருஷம் பிரிட்டிஷ் ஆகாயப் படையில் ஒரு விசித்திரமான தீர்ப்பு அளிக்கப்பட்டது. டக்ளஸ் பேடர் என்ற இளம் விமானி மறுபடியும் விமானம் ஓட்ட அனுமதி கேட்டிருந்தார். விமானம் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் பிரதான கலாசாலையில் அவரைப் பரீட்சித்த ஆசிரியர்கள், அவர் நன்றாகவே ஓட்டுகிறார் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் வைத்திய சபையோ அவர் ஓட்டக்கூடாது என்று முடிவு செய்தது. அவரிடம் அது என்ன குறை கண்டது? ஓட்டுவதில் ஒரு குறையும் காணவில்லை. இரண்டு காலும் இல்லாத ஒருவர் விமானம் ஓட்டுவதைப் பற்றி அரசரின் விதிப் புத்தகத்தில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதுதான் குறை.

விதிப் புத்தகத்தில் இடமில்லாத மனிதனுக்கு ஆகாயத்திலும் இடமில்லை என்று ஆயிற்று.

இந்தப் பழைய தீர்ப்பை நாம் இப்பொழுது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கால் இழந்தவர்கள், முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போனவர்கள், பிறவியிலேயே கை இல்லாதவர்கள் ஆகிய பலர் இன்று பல தேசங்களில் சிறிய விமானங்களைத் தாங்களே ஓட்டிச் செல்கிறார்கள். இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை வீரக் கதையாகச் சொல்லிவிடுவது சுலபம். பேடரின் கதையை அப்படித்தான் 1954-ல் புத்தகமாகவும் 1956-ல் சினிமாப் படமாகவும் ஆக்கினார்கள். ஆனால் வீரம் மாத்திரம் போதுமென்றால் 1933-லேயே அவருக்கு விமானம் கிடைத்திருக்க வேண்டும். அன்று அவரிடம் வீரத்துக்கு என்ன பஞ்சம்? யந்திரம் மாற வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமாக, அதிகாரிகள் கேட்கும் கேள்வி மாற வேண்டியிருந்தது. 'இவனுக்குக் கால் இருக்கிறதா?' என்பது ஒரு கேள்வி. 'இவன் விமானத்தை ஓட்டுகிறானா?' என்பது வேறு கேள்வி. இரண்டும் ஒன்றல்ல என்று அதிகார வர்க்கத்துக்குப் புரிவதற்கு எத்தனை வருஷங்கள் பிடித்தன என்பதே நாம் சொல்ல வந்த விஷயம்.

பேடரின் கால்கள் எப்படிப் போயின என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவோம். 1931-ம் வருஷம் டிசம்பர் 14-ம் தேதி, இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகிலுள்ள வுட்லி விமான மைதானத்தில், தரைக்கு மிகவும் சமீபத்தில் பறந்தபடியே விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டி வித்தை காட்டினார். அப்படிச் செய்யக்கூடாது என்பது கட்டளை. கூட இருந்தவர்களின் பேச்சு அவரை உசுப்பிவிட்டது. புல்டாக் என்னும் அந்தச் சண்டை விமானத்தின் இடது இறக்கை தரையில் இடித்தது, விமானம் நொறுங்கியது. வலது காலை முழங்காலுக்கு மேலேயும் இடது காலை முழங்காலுக்குக் கீழேயும் வைத்தியர்கள் வெட்டி எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 21. குற்றம் தம்முடையதே என்று தமது பறப்புக் குறிப்பேட்டில் இரண்டு வரியில் எழுதி வைத்தாரே தவிர, வேறு யார் மீதும் அவர் பழி போடவில்லை.

உலோகக் கால்களைப் பொருத்திக்கொண்டு, ஊன்றுகோல் இல்லாமலே நடக்கப் பழகினார். மோட்டார் வண்டியில் மிதிகட்டைகளை இடம் மாற்றி அமைத்துக்கொண்டு அதையும் ஓட்டினார். 1932-ல் ஆகாய இலாகாவின் உதவி மந்திரியாக இருந்த ஸர் பிலிப் ஸஸூன் ஏற்பாடு செய்து கொடுத்தபேரில், ஆவ்ரோ 504 என்ற பழைய விமானம் ஒன்றை ஓட்டிப் பார்த்தார். கை மறக்கவில்லை. காலும் மறக்கவில்லை என்று சொல்லலாமா? சொல்லலாம், ஏனென்றால் விமானத்தில் காலுக்குள்ள வேலை என்ன என்பதை நேயர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும்.

விமானத்தை ஓட்டுகிறவன் கையில் ஒரு கோல் இருக்கிறது. சிலவற்றில் அது மோட்டார் வண்டிச் சக்கரத்தைப் போல் அமைந்திருக்கும். அதை முன்னும் பின்னும் தள்ளினால் விமானத்தின் மூக்கு தாழும், உயரும். பக்கவாட்டில் சாய்த்தால் இறக்கை சாயும். காலுக்குக் கீழே இரண்டு மிதிகட்டைகள் உண்டு. அவை வாலிலுள்ள சுக்கானை இடமும் வலமும் திருப்புகின்றன. தரையில் ஓடும்போது விமானத்தை வளைப்பதும் அநேகமாக அவைதான். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க மற்றொரு கை. ஆக, சாதாரண விமானிக்கு இரண்டு கையும் இரண்டு காலும் வேலை செய்கின்றன. ஆனால் மிதிகட்டையில் கால் செய்வது அழுத்துவது ஒன்றுதான். பாதத்துக்கு உணர்ச்சி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும், தொடையில் வலுவிருந்து எவ்வளவு அழுத்துகிறோம் என்று பழக்கத்தால் அறிந்துவிட்டால் போதும். பேடர் இந்த வேலையை உலோகக் கால்களைக் கொண்டு செய்தார்.

ஒரே ஓர் இடத்தில்தான் அவருக்கு முட்டுக்கட்டை இருந்தது. சில விமானங்களில் சக்கரங்களுக்கான பிரேக்கை மிதிகட்டையின் மேல் நுனியிலேயே வைத்துவிடுகிறார்கள். பாதத்தை முன்னுக்கு வளைத்து விரல்களால் அதை அழுத்த வேண்டும். கணுக்கால் இல்லாதவர் எதை வளைப்பார்? 1939-ல் யுத்தம் மூண்டதும், அவர் மறுபடி மனுச் செய்து பரீட்சைக்குப் போன இடத்தில், ஹார்வர்டு என்ற அமெரிக்க விமானத்தைக் கொடுத்தார்கள். அதில் பிரேக் காலில் இருந்தது. நல்ல வேளையாகப் பரீட்சை செய்தவர் அவருடைய பழைய தோழர். பிரேக்கைத் தாம் பார்த்துக் கொள்வதாகச் சொல்லி, மற்றதையெல்லாம் பேடரை ஓட்டச் சொன்னார். இங்கிலாந்தில் செய்யும் ஸ்பிட்பயரிலும் ஹரிக்கேனிலும் பிரேக் கைப்பிடியிலேயே இருந்தது. அவர் ஓட்ட வேண்டிய விமானங்கள் அவை. ஆகையால் ஹார்வர்டு பிரேக்கைப் பற்றிக் கவலை எதற்கு? இது சலுகை அல்ல என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். வேலைக்குத் தேவையானது எது, தேவையில்லாதது எது என்று பிரித்துப் பார்க்கும் சாதாரண அறிவு. 1933-ல் அந்தப் புத்தி எவருக்கும் தோன்றாமற் போயிற்று.

1939-ம் வருஷம் நவம்பர் 27-ம் தேதி, எட்டு வருஷங்களுக்குப் பிறகு, அவர் தனியாக விமானத்தில் கிளம்பினார். கிளம்பிய சிறிது நேரத்திலேயே, மைதானத்துக்கு மேல் 600 அடி உயரத்தில் விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தார். இதுவும் விதிக்கு விரோதம்தான். கால் போனாலும் குணம் போகாது போலும்!

மறு வருஷம் ஸ்பிட்பயர் ஒன்றில் சுழல் விசிறியின் சாய்வைச் சரிவர வைக்க மறந்து கிளம்பியதால், மேலே எழும்பாமல் வேகமாகப் போய் மோதினார். வெளியே வந்து பார்த்தபோது உலோகக் கால்கள் இரண்டும் நெளிந்திருந்தன. சொந்தக் காலாக இருந்திருந்தால் அவை மறுபடி போயிருக்கும். நெளிந்த உலோகத்துக்குப் பதில் வேறு கால் கொண்டுவந்து மாட்டிக் கொண்டார். 1941-ம் வருஷம் ஆகஸ்டு 9-ம் தேதி பிரான்ஸ் தேசத்துக்கு மேலே அவருடைய விமானம் அழிந்தபோதும் அப்படித்தான். ஒரு கால் உள்ளே சிக்கிக்கொண்டது. அதைக் கட்டியிருந்த வார் அறுந்தது. காலை விமானத்துக்கே விட்டுவிட்டு அவர் பாரசூட்டில் இறங்கினார். ஜெர்மானியர் அனுமதி அளிக்க, பிரிட்டிஷ் விமானம் ஒன்று மாற்றுக்கால் ஒன்றைப் பெட்டியில் வைத்து வானத்திலிருந்து போட்டது. அந்தக் காலை மாட்டிக்கொண்டு அவர் தப்பியோட முயன்றுகொண்டே இருந்தபடியால், கடைசியில் கோல்டிட்ஸ் கோட்டையில் கொண்டுபோய் அடைத்தார்கள்.

மனிதர் சாது அல்ல. முரட்டுப் பேச்சும் பிடிவாதமும் உள்ளவர். ஆப்பிரிக்காவில் வெள்ளையராட்சிக்குப் பரிந்து பேசியவர். அவருடைய அரசியலை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நாம் ஒப்புக்கொள்ளப் போவதும் இல்லை. ஆனால் கால் இழந்த பிள்ளைகளை நேரில் போய்ப் பார்த்து, நடக்க முடியும் என்று தைரியம் சொல்வதை ஆயுள் முழுவதும் ஒரு கடமையாக அவர் செய்துவந்தார். யுத்தத்துக்குப் பிறகு எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, அதன் காரியமாகச் சிறு விமானத்தைத் தாமே ஓட்டித் தேசம் தேசமாகப் போனார். ஊனமுற்றோருக்குச் செய்த சேவைக்காக 1976-ல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. 1982-ல் காலமானார்.

இனி ருஷ்யாவுக்கு வருவோம். அங்கேயும் இதே யுத்தத்தில் இதே போன்ற ஒரு சம்பவம் நடந்தது. அலெக்ஸி மரேஸ்யெவ் என்ற விமானி 1942-ம் வருஷம் ஏப்ரல் மாதம் எதிரிகள் வசமிருந்த பிரதேசத்தில் சுடப்பட்டு விழுந்தார். கால்கள் அடிபட்ட நிலையில், பனிக்காட்டில் 18 நாட்கள் தவழ்ந்தும் உருண்டும் தம் பக்கத்து மக்களிடம் வந்து சேர்ந்தார். இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பொய்க்கால் பொருத்திக்கொண்டு, கட்டுப்பாடு வருவதற்காக நாட்டியம் ஆடக் கற்றுக்கொண்டார் என்பது அவர் சரித்திரத்திலே ரசமான பகுதி. மிதிகட்டையில் காலின் நுட்பம் வேண்டும். அந்த நுட்பத்தை நாட்டியத்தில் தேடினார். ஒரு வருஷம் கழித்து, 1943-ம் வருஷக் கோடையில், கூர்ஸ்க் யுத்தத்தில் மறுபடி சண்டை விமானத்தில் ஏறினார். கால் இழப்பதற்கு முன் அவர் வீழ்த்திய விமானங்களைவிட, இழந்த பிறகு வீழ்த்தியவையே அதிகம். அந்த வருஷம் ஆகஸ்டு மாதம் சோவியத் வீரர் என்ற உயர்ந்த பட்டம் பெற்றார். போரிஸ் பொலெவோய் அவரை வைத்து 1946-ல் நாவல் எழுதினார். அந்த நாவலை வைத்து ஸெர்கேய் புரோகோபியெவ் ஸங்கீத நாடகமும் இயற்றினார். 2001-ம் வருஷம் மே மாதம், அவருடைய 85-வது பிறந்தநாளைக் கொண்டாட மாஸ்கோவில் ஏற்பாடு செய்திருந்த வைபவத்தன்றே, மாரடைப்பால் காலமானார்.

இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் நெருடுகிறது. பேடருக்கு 1933-ல் கதவைச் சாத்திய அதே படை, 1939-ல் கதவைத் திறந்தது. அவருடைய கால் வளர்ந்துவிட்டதா? இல்லை. விதிப் புத்தகந்தான் திருத்தப்பட்டதா? அதுவும் காரணமல்ல. சர்க்காருக்கு விமானி வேண்டியிருந்தது, அவ்வளவே. மரேஸ்யெவ் விஷயமும் அதுதான். தேவை வந்தபோது சர்க்கார்கள் காலில்லாதவனையும் கூப்பிட்டன. தேவை தீர்ந்ததும்? யுத்தகளத்திலிருந்து முதுகெலும்பு முறிந்து வீடு திரும்பிய ஆயிரக்கணக்கான வாலிபர்களில், மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிறிய விமானம் ஒன்றில் ஏறித் தம் ஊரைச் சுற்றிவர விரும்பியவனை யார் கூப்பிடுவது? அவனால் எந்த எதிரியும் விழப்போவதில்லை. எந்தச் சர்க்காருக்கும் லாபம் இல்லை. அவன் விரும்புகிறான் என்பதைத் தவிர அவன் பக்கத்தில் வேறு நியாயமும் இல்லை. ஆனால் அது போதாத நியாயமா?

அவனுக்கு முதல் உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் ப்ரெட் வைக் என்ற யந்திர நிபுணர், மோட்டார் வண்டி ஓட்டத் தெரிந்த எவரும் பயமின்றி ஓட்டக்கூடிய விமானம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று பாடுபட்டார். அக்காலத்தில் விமான விபத்துக்களில் பல, விமானம் வேகம் குறைந்து, ஒரு பக்கமாகச் சரிந்து, பம்பரம் போல் சுழன்று விழுவதால் உண்டாயின. சுக்கானையும் இறக்கைப் பலகைகளையும் ஓட்டுகிறவன் தாறுமாறாக இயக்குவது அதற்கு ஒரு காரணம். வைக் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டார். கைச்சக்கரத்தைத் திருப்பினால் இறக்கையும் சாயும்; சுக்கானும் தானே திரும்பும்; தரையில் முன் சக்கரமும் அதனோடே வளையும். மூக்கை அளவுக்குமேல் தூக்க முடியாதபடியும் செய்துவிட்டார். அந்த விமானத்துக்கு எர்கூப் என்று பெயர். 1937-ல் அது முதன்முதல் பறந்தது. யுத்தம் முடிந்ததும், 1946-ல் மட்டும் நாலாயிரத்துக்குமேல் செய்தார்கள். நியூயார்க்கில் துணிமணி விற்கும் பெரிய கடையில்கூட அதை வைத்து விற்றார்கள்.

எல்லோரும் ஆளுக்கொரு விமானம் வாங்குவார்கள் என்ற கனவு பலிக்கவில்லை. ஓரிரு வருஷங்களில் வியாபாரம் படுத்துவிட்டது. பழைய விமானிகளும் அதை ஏளனம் செய்தார்கள். மிதிகட்டை இல்லாத விமானம் ஒரு விமானமா என்று கேட்டார்கள். அந்த ஏளனத்துக்குக் காரணமான அம்சமே வேறு சிலருக்கு வாசலைத் திறந்தது. சுக்கானுக்கு மிதிகட்டையே வேண்டாமென்றால் கால் எதற்கு? பிரேக்குக்கு மாத்திரம் தரையில் ஒரு கட்டை இருந்தது. அதைக் கைக்கு மாற்றிவிட்டால் இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவரும் ஓட்டலாம். வைக் இவர்களுக்காக அந்த விமானத்தைச் செய்யவில்லை. சோம்பேறிக்கும் பயந்தவனுக்கும் சுலபமாக இருக்கட்டும் என்று செய்தது, ஊனமுற்றவனுக்கு உபகாரமாயிற்று. அதே எர்கூப், 2008-ம் வருஷம் இன்னொரு அதிசயத்துக்கும் காரணமாயிற்று. அமெரிக்காவின் அரிஜோனா மாகாணத்தைச் சேர்ந்த ஜெஸிகா காக்ஸ் என்ற பெண்மணி பிறவியிலேயே இரண்டு கையும் இல்லாதவர். ஒரு காலால் கைச்சக்கரத்தையும் மறு காலால் எஞ்சின் பிடியையும் இயக்கி, அந்த விமானத்தில் பரீட்சை தேறி உரிமை பெற்றார். காலில்லாதவர் கையால் ஓட்டுகிறார். கையில்லாதவர் காலால் ஓட்டுகிறார். விமானத்துக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

ஆனால் எல்லோரும் பழைய எர்கூப்பையே நம்பியிருக்க முடியாது. சாதாரண விமானத்தையே கையால் ஓட்டுவதற்கு ஒரு சாதனம் செய்தார்கள். அது பெரிய யந்திரம் அல்ல. மிதிகட்டைகளோடு மாட்டக்கூடிய ஓர் இரும்புக் கோல்; அதைத் தள்ளினால் சுக்கான் ஒரு பக்கம் திரும்பும்; இழுத்தால் மறு பக்கம். வேண்டாதபோது கழற்றி வைத்துவிடலாம். பைப்பர் செரோக்கி என்ற நாலு பேர் உட்காரும் விமானம் இதற்கு மிகவும் உகந்தது. ஏனென்றால் அதில் சக்கரப் பிரேக்குக்குக் கைப்பிடி ஒன்று நடுவிலேயே இருக்கிறது. பேடரை மடக்கிய ஹார்வர்டு தொல்லை இதிலே இல்லை. எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களிலும் சுக்கானைக் கையால் திருப்பும் ஏற்பாடு உண்டு.

இந்தக் கோலைப் பிடித்து ஓட்டுவது விளையாட்டல்ல. நாலு அங்கங்கள் செய்யும் வேலையை இரண்டு கைகள் செய்ய வேண்டும். இடது கை விமானத்தைச் சமநிலையில் வைத்துக்கொண்டிருக்கும். வலது கைக்கு இரண்டு வேலை: எஞ்சின் பிடியும் சுக்கான் கோலும். கிளம்பும்போது எஞ்சினை முழு வேகத்தில் விட்டவுடன் விமானத்தின் மூக்கு இடது பக்கம் இழுக்கும். வலது சுக்கான் கொடுக்காவிட்டால் பாதையை விட்டு விலகிவிடும். பிடியைத் தள்ளிய கை அடுத்த கணமே கோலுக்குத் தாவியாக வேண்டும். இறங்கும்போது குறுக்குக் காற்று அடித்தால் சங்கடம் இரட்டிப்பாகும். இறக்கையைக் காற்றுப் பக்கம் சாய்த்து, சுக்கானை எதிர்ப்பக்கம் பிடித்து, எஞ்சினையும் தக்கபடி குறைக்க வேண்டும். காலுள்ளவன் இதையெல்லாம் ஏககாலத்தில் செய்துவிடுவான். இவனோ எது முதலில், எது பிறகு என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு, எஞ்சின் வேகத்தைச் சற்று முன்னாலேயே குறைத்துவிட்டு, தரையைத் தொடும்போது கை கோலில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். காலில் உணர்ச்சி இல்லாதவர்களுக்கு மற்றொரு அபாயம் உண்டு. கால் தானே வெட்டி இழுத்தாலும், நழுவினாலும், அது மிதிகட்டையில் போய்ச் சிக்கிக்கொள்ளும்; அவருக்குத் தெரியவே தெரியாது. ஆகையால் பாதங்களைப் பின்னுக்கு இழுத்து வாரால் கட்டிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் உயிர் இருக்கிறது.

இவ்வளவு கஷ்டம் இருக்கும்போது அனுமதி கொடுப்பது சரியா என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விமானம் விழுந்தால் ஓட்டியவன் மாத்திரம் சாவதில்லை. கீழே இருக்கிறவனும் சாகிறான். அவனுடைய உயிரைப் பந்தயம் வைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. பிரிட்டிஷ் வைத்திய சபையும் ஒருவேளை இதையே மனத்தில் வைத்துத் தயங்கியிருக்கலாம். ஆனால் தயக்கத்துக்குப் பரிகாரம் என்ன? மறுத்துவிடுவதா, சோதித்துப் பார்ப்பதா?

அமெரிக்க விமான இலாகா சோதித்துப் பார்க்கும் வழியை எடுத்துக்கொண்டது. அங்கம் இழந்தவர் விண்ணப்பம் செய்தால், வைத்தியர் காகிதத்தில் எழுதுவதோடு விஷயம் முடிவதில்லை. இலாகாவின் பரிசோதகர் அவரோடு விமானத்தில் ஏறுகிறார். எல்லாக் கருவிகளும் கைக்கு எட்டுகின்றனவா, எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வார், அவசரத்தில் கை தடுமாறுகிறதா என்று நேரில் பார்க்கிறார். தேறினால் திறமை நிரூபிக்கப்பட்டது என்று ஒரு பத்திரம் தருகிறார்கள். கையால் இயக்கும் சாதனம் உள்ள விமானத்தை மாத்திரம் ஓட்டலாம் என்பது போன்ற நிபந்தனை அதில் இருக்கலாம். பத்திரத்துக்குக் காலாவதி கிடையாது. இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. நாளுக்கு நாள் முற்றும் நோய்க்கு இந்தப் பத்திரம் தருவதில்லை. வெட்டுண்ட கால் நாளைக்கு இன்னும் கொஞ்சம் வெட்டுப்படப் போவதில்லை. இன்று ஓட்டுகிறவன் நாளையும் அதே காலோடுதான் ஓட்டுவான். வெளியில் பூர்ண ஆரோக்கியமாகத் தோன்றும் ஐம்பது வயதுக்காரரின் இருதயத்தைப் பற்றி இந்த உறுதி சொல்ல முடியுமா?

ஒற்றைக் கண்ணரான வைலி போஸ்டின் கதையும் இதற்குச் சாட்சி. 1926-ல் எண்ணெய்க் கிணற்று வேலையில் இடது கண்ணை இழந்தவர் அவர். அந்த நஷ்டஈட்டுப் பணத்தைக் கொண்டுதான் முதல் விமானம் வாங்கினார். இரண்டு கண் இருந்தால்தான் தூரம் தெரியும் என்பார்கள். அவர் தெருவில் போகும்போதெல்லாம் ஒரு மரத்தையோ கம்பத்தையோ பார்த்து, தூரத்தைக் கணக்கிட்டு, பிறகு காலடியால் அளந்து சரிபார்த்துப் பழகினார். 1933-ம் வருஷம் ஜூலை மாதம் தன்னந்தனியாகப் பூமியைச் சுற்றி வந்த முதல் விமானி அவரே. அதற்கு எட்டு நாட்கூடப் பிடிக்கவில்லை. பேடரைப் பற்றி விதிப் புத்தகத்தில் ஒன்றுமில்லை என்று அங்கே முடிவு சொன்னதும் இதே வருஷந்தான்!

அமெரிக்கச் சட்டத்திலும் கோணல் இல்லாமல் இல்லை. 2004-ல் இலேசான சிறு விமானங்களுக்கென்று புது உரிமை ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதற்கு வைத்தியப் பத்திரம் வேண்டாம். மோட்டார் வண்டி ஓட்டும் லைசென்ஸே போதும், தம் உடம்பு பத்திரமாக ஓட்ட இடங்கொடுக்கிறதா என்பதை ஓட்டுகிறவரே யோக்கியமாகத் தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். கையால் மோட்டார் ஓட்டும் பலருக்கு இது பெரிய உபகாரம். ஆனால் வைத்தியப் பத்திரம் கேட்டு மறுக்கப்பட்டவருக்கு மாத்திரம் இந்தச் சலுகை இல்லை. கேளாமல் சும்மா இருந்தவருக்கு உண்டு! உண்மையை முன்னாலேயே சொல்லி விண்ணப்பம் போட்டவனுக்குத் தண்டனை, வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்குச் சன்மானம் என்று இதற்கு அர்த்தமாகாதா?

சட்டம் திறந்த பிறகும் பணம் அடைக்கும் கதவு ஒன்று இருக்கிறது. விமானம் கற்பது எங்கும் செலவுள்ள காரியம். வேலையும் சம்பளமும் பாதியில் நின்றுபோன ஊனமுற்றவருக்கு அது எட்டாக்கனி. இங்கே சர்க்கார்களைவிடத் தனி மனிதர்கள் அதிகம் செய்திருக்கிறார்கள். 1972-ல் அமெரிக்காவில் சக்கர நாற்காலி விமானிகள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். பேடர் காலமான மறு வருஷம், 1983-ல், அவர் ஞாபகமாக ஊனமுற்றோருக்கு விமானம் கற்க உபகாரச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு பிரிட்டனில் ஆரம்பமாயிற்று. ஏரோபிலிட்டி என்ற ஸ்தாபனம், கைச் சாதனம் பொருத்திய விமானங்களை வைத்துக்கொண்டு அங்கே கற்றுக்கொடுத்து வருகிறது. அமெரிக்காவில் ஏபிள் பிளைட் என்ற ஸ்தாபனம் 2006-ல் தோன்றி, பர்டியூ சர்வகலாசாலையோடு சேர்ந்து வாலிபர்களைப் பயிற்றுவிக்கிறது. இங்கே வருகிறவர்களில் எல்லோரும் விமானி ஆவதில்லை. சிலர் ஒரு தடவை மேலே போய் வந்து, போதும் என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும் சுதந்திரமும் அவர்களுக்கு வேண்டியதுதானே!

மாற்றுத் திறனாளி என்று நாம் இப்பொழுது சொல்கிறோம். நல்ல சொல். ஆனால் சொல்லை மாற்றிவிட்டுக் கேள்வியைப் பழையபடியே வைத்துக்கொள்ளும் காரியாலயங்கள் எங்கும் உண்டு. பலகையில் புதுப் பெயர் எழுதியிருக்கும். உள்ளே விண்ணப்பத்தைப் பிரித்தவுடன், 'எந்த அங்கம் இல்லை?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். திறனைப் பார்க்கிறோம் என்று பெயரிலேயே வாக்களித்த பிறகு, அந்தத் திறனைச் சோதிக்க ஒரு பரிசோதகரை அனுப்பாமல் காகிதத்திலேயே தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம்?

இந்த விமானிகளுக்கு மிகக் கஷ்டமான இடம் எது என்று கேட்டால், ஆகாயம் என்று நினைப்போம். அது அல்ல; விமானத்தில் ஏறுவதுதான். செரோக்கி விமானத்தில் இறக்கை கீழே இருக்கிறது. கதவு வலது பக்கத்தில் ஒன்றே ஒன்று. ஓட்டுகிறவருடைய ஆசனமோ இடது பக்கம். சக்கர நாற்காலியை இறக்கையின் பின் விளிம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பைத் தூக்கி, இறக்கையின்மேல் உட்காருகிறார். கால்களைக் கையால் எடுத்து மேலே போட்டுக்கொள்கிறார். பிறகு முதுகுப்புறமாகவே அங்குலம் அங்குலமாக நகர்ந்து கதவை அடைந்து, ஓர் ஆசனத்திலிருந்து மற்றோர் ஆசனத்துக்குத் தம்மை இழுத்துக்கொள்கிறார். நாற்காலியை யாராவது மடக்கிப் பின்னால் வைக்க வேண்டும். இறங்குகிற ஊரில் அது வேண்டும் அல்லவா? அதற்கு மாத்திரம் அவர் இன்னொருவரை எதிர்பார்க்கிறார். பாதங்களைக் கட்டி, கோலை மாட்டி, சுக்கான் இரு பக்கமும் சரியாகத் திரும்புகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டு, எஞ்சினைக் கிளப்புகிறார். மைதானத்தின் கோடியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு சிறிய விமானம் கிளம்பிப் போவது தெரியும். ஓட்டுகிறவருக்குக் கால் உண்டா என்பது தெரியாது.